வடக்கம்பட்டி பிரியாணித் திருவிழா: வியாழன் முதல் சனி வரை

வியாழன்

வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விருந்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை விடியற்காலையைக் குறிவைத்து வருகிறார்கள். பிரியாணி கிடைக்கிறது, சாப்பிடுகிறார்கள், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த விழாவின் உயிர் வெள்ளிக்கிழமை இரவு அடுப்படியில் இருக்கிறது. ஊர் ஊராக ஹோட்டல் நடத்திப் பிழைத்தவர்கள் வருடத்தில் ஒரு ராத்திரி சொந்த ஊருக்குத் திரும்பி, தங்கள் தொழிலையே சாமிக்குப் படையலாக வைக்கிறார்கள். அதைப் பார்க்காமல் போனால் பாதிதான் பார்த்ததாகும். ஒரு நாள் மட்டுமே லீவு கிடைக்கும் என்றால் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு, வெள்ளி சாயங்காலமே வந்து சேருங்கள்.

முதலில் தேதி. தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. தை முதல் தேதி ஜனவரி 14 அல்லது 15-இல் வருவதால், இந்த வெள்ளி ஜனவரி 21-க்கும் 28-க்கும் இடையில் விழும். 2019-இல் ஜனவரி 25 அன்று வந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பிய கொஞ்ச நாளிலேயே விழா வந்துவிடுவதால் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டதோடு நிற்காமல், ஊரில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டு டிக்கெட் எடுங்கள்.

வழி சுலபம். மதுரையிலிருந்து தெற்கே விருதுநகர் போகும் நாற்கரச் சாலையில் திருமங்கலம், அதைத் தாண்டிக் கள்ளிக்குடி. அதன் அருகில் இருக்கும் கிராமம்தான் வடக்கம்பட்டி. மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் விருதுநகர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறும்போதே கள்ளிக்குடியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தூரத்து ஊர் வண்டிகள் பல நிற்காமல் பறந்துவிடும். கள்ளிக்குடிக்கு ரயில் நிலையமும் உண்டு, பாசஞ்சர் வண்டி நேரம் ஒத்துவந்தால் அது வசதி. ஊருக்குள் லாட்ஜ் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். திருமங்கலத்திலோ மதுரையிலோ தங்கலாம். ஆனால் வெள்ளி இரவு எப்படியும் தூக்கம் கிடையாது, அந்த ஒரு ராத்திரிக்கு அறை எடுப்பது வீண். திரும்பி வர ஆட்டோ, கார் எதையாவது முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை காலையில் அங்கே நின்று வண்டி தேடினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

சுற்றிலும் கரிசல் காடு. தை மாதத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். தப்பித் தவறி மழை பெய்தால் செருப்போடு மண்ணும் அப்பிக்கொண்டு வரும், ரப்பர் செருப்பே போதும். ராத்திரி வாடை அடிக்கும், பனி இறங்கும். தலைக்கு ஒரு துண்டு, மேலுக்கு ஒரு போர்வை கட்டாயம்.

இந்தச் சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய விருந்து என்று கேட்டால், தென்னாட்டு நெடுஞ்சாலைகளில் தென்படும் ‘ஸ்ரீ முனியாண்டி விலாஸ்’ போர்டுகள்தான் பதில். 1937-இல் இந்த ஊர் சுப்பா நாயுடு காரைக்குடியில் ஓர் அசைவ ஹோட்டல் திறந்து, ஊர்ச்சாமியின் பெயரையே வைத்தார். அது நன்றாக ஓடியது. அவரைப் பார்த்து உறவினரும் ஊர்க்காரரும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் அதே பெயரில் வேறு வேறு ஊர்களில் கடை போட்டார்கள். ஒரே முதலாளியின் கிளைகள் அல்ல இவை. ஒவ்வொன்றும் தனிக் கடை, சாமி மட்டும்தான் பொது. கல்லாவில் அன்றன்றைய முதல் வரவை முனியாண்டிக்கு என்று எடுத்து வைக்கும் வழக்கம் இவர்களிடம் உண்டு. அந்தப் பணம்தான் இங்கே அரிசியாகவும் கிடாவாகவும் வந்து சேருகிறது. தை விழாவை நாயுடு குடும்பங்களும், மாசி இரண்டாம் வெள்ளியில் வரும் விழாவை ரெட்டியார் குடும்பங்களும் எடுத்து நடத்துகிறார்கள்.

சமையலுக்கான அடித்தளம் முந்தின நாளே விழுந்துவிட வேண்டும். அண்மை ஆண்டுகளில் இங்கே சமைக்கும் அரிசி 2,000 கிலோ அளவுக்கு வருகிறது. கிலோ அரிசிக்கு 300 கிராம் வெங்காயம், 80 கிராம் பூண்டு, 70 கிராம் இஞ்சி என்று வழக்கமான கணக்கைப் போட்டால் 600 கிலோ வெங்காயம், 160 கிலோ பூண்டு, 140 கிலோ இஞ்சி. இவ்வளவையும் கடைசி நேரத்தில் உரிக்க முடியாது. பூண்டை முந்தின நாளே உரித்துப் பரப்பி வைக்கலாம், கெடாது. வெங்காயத்தைத் தோல் உரிக்கலாமே தவிர நறுக்கக் கூடாது. நறுக்கி ஒரு ராத்திரி வைத்த வெங்காயம் தண்ணீர் விட்டு நாறும், எண்ணெயில் போட்டால் வதங்காமல் வேகும், பிரியாணிக்கு வேண்டிய சிவப்பு வராது. இஞ்சியும் பூண்டும் அரைப்பது சமைக்கப் போகிற அன்று மாலைதான். அதுவும் தனித்தனியாக, தண்ணீர் அதிகம் விடாமல். தனித்தனி ஏன் என்பதற்கு நாளை இரவு வருகிறோம்.

விறகைக் கவனியுங்கள். புளி, கருவேலம் என்று கனத்த கட்டைகளே இந்த வேலைக்கு ஏற்றவை, அதுவும் நன்றாகக் காய்ந்ததாக. ஈர விறகு புகைந்தால் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் புகைவாசம் கறியில் ஏறும், அதை எந்த மசாலாவும் மறைக்காது.

வெள்ளி, பகல்

காலையில் பால்குடம். விரதம் இருந்தவர்கள் தலையில் குடத்தோடு ஊர் சுற்றி வந்து முனியாண்டிக்குப் பாலாபிஷேகம் செய்கிறார்கள். சாயங்காலம் பெண்கள் தேங்காய், பழம், பூ வைத்த தட்டுகளை ஏந்தி மேளதாளத்தோடு கோயிலுக்கு வருவது பார்க்க அழகு. படம் எடுக்கிறவர்கள் இதற்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். தெரு குறுகல், கூட்டம் வந்த பிறகு நகர முடியாது. வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பகலில் ஊருக்குள் நடந்தால் இன்னொன்றும் கண்ணில் படும். விதவிதமான ஊர்களில் பதிவான கார்களும் வேன்களும் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. எங்கெங்கோ கடை நடத்துகிறவர்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். கடையை அடைத்துவிட்டு வந்தவர்களும் நிறைய.

கிடாக்கள் நேர்த்திக்கடனாக வந்து சேருகின்றன. பிள்ளை பிறந்தது, கடை நிமிர்ந்தது, நோய் தீர்ந்தது என்று வேண்டிக்கொண்டவர்கள் கொடுப்பது. சேவல்களும் அப்படித்தான். அடுப்படிக்காரர்கள் இதில் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நேர்ந்துவிட்ட கிடா ஒரே வயதில் வராது. எட்டு மாதக் குட்டியும் வரும், மூன்று வருடம் வளர்த்த பெரிய கிடாவும் வரும். குட்டிக்கறி நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். முற்றின கிடாவுக்கு ஒன்றே கால் மணி நேரம்கூடப் பிடிக்கும். இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டால் ஒன்று கரைந்து எலும்பு தனியே நிற்கும், மற்றொன்று பல்லில் இழுக்கும். ஆகவே வெட்டும்போதே இளசையும் முற்றலையும் வேறு வேறு குவியலாகப் பிரிக்க வேண்டும். சேவலும் அப்படித்தான், ஆட்டுக்கறியோடு ஒன்றாகக் கொதிக்கவிடக் கூடாது.

வெள்ளி, இரவு

பூசை முடிந்து கிடா வெட்டு நடந்த பிறகு வேலை முழு வேகம் பிடிக்கிறது. ரத்தம் பார்க்க முடியாதவர்கள் இந்த நேரத்தில் கோயில் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டாம்.

இந்த விருந்துக்கு வெட்டுவது இருநூறுக்கும் மேற்பட்ட கிடா. அப்படியென்றால் எவ்வளவு கறி? உயிர் எடை இருபது, இருபத்தைந்து கிலோ உள்ள கிடா, தோல், தலை, குடல் நீக்கினால் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தரும். இருநூறு கிடாவுக்கு 2,000 கிலோவுக்கு மேல். அரிசியும் 2,000 கிலோ. கிலோவுக்குக் கிலோ என்ற பழைய ஹோட்டல் கணக்கு இங்கேயும் பிசகாமல் நிற்கிறது. அன்னதானம் என்றாலே கறியைக் குறைத்து அரிசியைக் கூட்டும் ஊர்களும் உண்டு. இங்கே அப்படிச் செய்வதில்லை என்பதே இந்த விருந்தின் மீது எங்களுக்குள்ள பெரிய மரியாதை.

வெட்டவெளியில் இப்படிப்பட்ட சமையலுக்குத் தரையில் நீளமாகப் பள்ளம் தோண்டிப் போடும் கோட்டை அடுப்பே வசதி. அண்டாக்கள் வரிசையாக உட்காரும், விறகைப் பக்கத்திலிருந்து தள்ளலாம், இழுக்கலாம். இங்கே மூளைக்கு வேலை கொடுப்பது வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வீசுகிற காற்று நெருப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். அண்டாவின் ஒரு பக்கம் அடிப்பிடித்து, மறுபக்கம் அரிசி விரைத்து நிற்கும். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் அண்டாவைத் திருப்பி வைக்க முடியாது. தகரத்தை நட்டு மறைப்புக் கட்டுவதும், நெருப்புக் கங்குகளைக் கம்பியால் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதும்தான் வழி.

ஒரு சிப்பம், அதாவது 25 கிலோ சீரகச் சம்பா, ஓர் அண்டாவுக்குத் தோதான அளவு. அதற்கு 25 கிலோ கறி. மற்ற சாமான்களில் மாஸ்டருக்கு மாஸ்டர் வித்தியாசம் உண்டு, ஆனாலும் தொழில்முறைக் கணக்கு இதை ஒட்டியே இருக்கும். எண்ணெய் மூன்றரை லிட்டர், நெய் ஒரு கிலோ, வெங்காயம் ஏழரை கிலோ, தக்காளி ஆறு கிலோ, பூண்டு இரண்டு கிலோ, இஞ்சி ஒன்றே முக்கால் கிலோ, பச்சை மிளகாய் ஒரு கிலோ, தயிர் நாலு லிட்டர், மிளகாய்த்தூள் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, பட்டை 50 கிராம், கிராம்பும் ஏலக்காயும் முப்பது முப்பது கிராம், எலுமிச்சை இருபத்தைந்து, புதினாவும் மல்லித்தழையும் தாராளமாக. உப்பு ஒரு கிலோவில் ஆரம்பித்து, ருசி பார்த்து ஏற்றுவது.

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். பொரிந்தவுடன் வெங்காயம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசிவரை சரிசெய்ய முடியாது. ஏழரை கிலோ வெங்காயம் தண்ணீர் வற்றிப் பொன்னிறம் வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், துடுப்பை விடாமல் போட வேண்டும். அடுத்தது பூண்டு விழுது. அதன் பச்சை வாசம் போன பிறகே இஞ்சி. நார் உள்ள இஞ்சி அண்டாவின் அடியில் ஒட்டிக் கருகும், அதனால் கடைசியாகப் போட்டு உடனே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். தனித்தனியாக அரைக்கச் சொன்னது இதற்காகத்தான். பிறகு மிளகாய், தழை, தக்காளி, மிளகாய்த்தூள், தயிர். எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்போது கறி.

கறி போட்ட முதல் பத்து நிமிடம் தண்ணீர் விடாமல் பிரட்ட வேண்டும். கறியே நிறையத் தண்ணீர் விடும். அப்புறம் தேவைக்கு ஊற்றி மூடிவிடுவது. முக்கால் வேக்காடு தாண்டி, எலும்போரத்துச் சதை விரலால் நசுக்கினால் பிரிய வேண்டும். மிச்ச வேக்காடு அரிசியோடும் தம்மிலும் நடந்துவிடும். இங்கேயே முழுக்க வேகவிட்டால் பரிமாறும்போது கறித்துண்டு கிடைக்காது, நாராகச் சோற்றில் கலந்துவிடும்.

அடுத்து தண்ணீர்க் கணக்கு. இதில்தான் பெரிய சமையல் பெரும்பாலும் சறுக்கும். சீரகச் சம்பாவுக்கு வீட்டில் ஒன்றுக்கு இரண்டு என்று ஊற்றிப் பழகியவர்கள் அண்டாவிலும் அதையே செய்தால் குழைந்துபோகும். அண்டாவில் உயரம் அதிகம், திறந்த வாய் அதற்கு ஏற்பக் குறைவு. ஆவியாகிப் போகிற தண்ணீர் கொஞ்சம்தான். அரிசி அளந்த அதே பாத்திரத்தால் ஒன்றுக்கு ஒன்றரை போதும். அந்த ஒன்றரைக்குள் கறி விட்ட தண்ணீரும் தயிரும் தக்காளிச் சாறும் அடக்கம். அதனால் கறி வெந்ததும் அண்டாவில் எவ்வளவு சாறு நிற்கிறது என்று துடுப்புக் கட்டையில் அளவு பார்த்து, குறைவதை மட்டும் வெந்நீராக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி மறுபடி ஏற அரைமணி போய்விடும்.

கொதி வந்ததும் உப்பு பார்ப்பார்கள். சாறு நாக்கில் ஒரு சுழி தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி உள்வாங்கிய பிறகு சரியாகிவிடும். சாற்றில் சரியாக இருந்தால் சோற்றில் சப்பென்று போகும்.

அரிசி கழுவி ஊறும் நேரம் இருபது நிமிடம், அதிகம் போனால் அரைமணி. சீரகச் சம்பா பொடி அரிசி, கூட நேரம் ஊறினால் துடுப்புப் பட்டவுடன் உடையும். இத்தனை அண்டா இருக்கும் இடத்தில் எல்லா அரிசியையும் ஒரே நேரத்தில் ஊறப்போடுவது பெரிய தப்பு. முதல் அண்டாவுக்கு ஊறியது சரியாக இருக்கும், இருபதாவது அண்டாவுக்குள் மாவாகும். வரிசைப்படி, அடுப்பில் கொதி ஏறுவதைப் பார்த்து, அடுத்த சிப்பத்தை நனைக்க வேண்டும். இந்த வரிசை முறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் அடுப்படியில் முக்கியமானவர். கையில் துடுப்பு இருக்காது, சத்தமும் போட மாட்டார். அவரைக் கண்டுபிடித்து அவர் பின்னால் நின்று பாருங்கள், முழுச் சமையலும் புரிந்துவிடும். அடுப்படிக்குள் போகும் முன் அங்கே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் “ஐயா, ஓரமா நின்னு பாத்துக்கிறோம்” என்று கேட்டுவிட்டுப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

அரிசி விழுந்த பிறகு துடுப்பு இரண்டு மூன்று தடவைதான், அதுவும் அடியிலிருந்து மேலே தூக்கிப் போடுவதாக. சாறும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்து, மேலே குழி குழியாகக் கொப்புளம் வெடிக்கும். அதுதான் தருணம். எலுமிச்சைச் சாறும் நெய்யும் தெளித்து, விறகை முழுக்க இழுத்துவிட்டு, அடியில் மெல்லிய கங்கு மட்டும் விடுவார்கள். மூடி போட்டு, விளிம்பில் ஈரத்துணி சுற்றி, மேலே கங்கை அள்ளிப் பரப்புவது. தம் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடம் முன்னால் விறகை இழுத்தால் நடுவில் அரிசி முள்ளாக நிற்கும், ஐந்து நிமிடம் தாமதித்தால் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கருகும். கருகின அண்டாவை ஒருபோதும் கிளறக் கூடாது. மேல் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு அடியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு தடவை கிளறினால் அண்டா முழுக்கத் தீய்ந்த வாசம்.

சனி

விடியும் முன் முதல் படையல் முனியாண்டிக்கு. அது முடிந்தவுடன் பந்தி திறந்துவிடுகிறது. இன்ன சாதி, இன்ன ஊர், இன்ன மதம் என்ற கேள்வி கிடையாது, காசும் கிடையாது. இதே திருமங்கலம் வட்டாரத்தில் கரும்பாறை முத்தையா கோயில் கறிவிருந்து மார்கழியில் நடக்கும். அங்கே ஆண்கள் மட்டும்தான். சாப்பிட்ட இலைகளை எடுக்காமல் காயவிட்டு, காய்ந்த பிறகே பெண்கள் அந்தப் பக்கம் போவார்கள். குடும்பத்தோடு வர நினைக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வடக்கம்பட்டிக்கு எல்லோரும் வரலாம்.

காலை ஆறு மணிக்குக் கறி பிரியாணியா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தம் உடைத்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதற்கு ஈடு இல்லை. தம் உடைக்கிறவரைக் கவனித்தால் ஒரு நுட்பம் தெரியும். கரண்டியைப் போட்டுக் கிண்டுவதில்லை. தட்டை விளிம்போரம் செங்குத்தாக இறக்கி, அடிவரை வெட்டி எடுக்கிறார். கறி கனம், அடியில் தங்கும், சோறு மேலே நிற்கும். மேலாக வழித்தால் முதலில் வந்தவருக்கு வெறும் சோறு, கடைசி ஆளுக்கு வெறும் எலும்பு. செங்குத்தாக வெட்டினால் ஒவ்வொரு வாளியிலும் இரண்டும் சமமாக விழும். பொலபொலவென்று உதிர்கிற சோறு, ஒன்றோடொன்று ஒட்டாத பொடி அரிசி, விரலில் மினுங்குகிற அளவுக்கு மட்டும் நெய். மசாலா தூக்கலாக இல்லை. கறியும் சீரகச் சம்பாவும்தான் மணக்கின்றன.

கிலோ அரிசியில் ஏழெட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடலாம் என்று வைத்தால், 2,000 கிலோவில் பதினைந்தாயிரம் பேர் அளவுக்கு வரும். ஆனாலும் வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் நிறைய என்பதால் வெயில் ஏற ஏற அண்டாக்கள் காலியாகும். ஆறு, ஆறரைக்குள் வரிசையில் நின்றுவிடுவது நல்லது. வயதானவர்கள் கூட வந்தால் முதலில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, இளவட்டங்கள் வரிசைக்குப் போகலாம்.

வாங்கிப்போக எவர்சில்வர் தூக்குவாளி கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் சூட்டோடு கட்டினால் நெகிழும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். தூக்குவாளியிலும் சூடாக இருக்கும்போது இறுக்கி மூடக் கூடாது. ஆவி தண்ணீராகித் திரும்பச் சோற்றில் விழுந்து, நசநசத்து, மத்தியானத்துக்குள் ஊசிவிடும். மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, ஆறியதும் மூடுங்கள். மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துவிட வேண்டும். ராத்திரிக்கு என்றால் மதுரை போனதும் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். குடிதண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், கை கழுவும் இடத்தில் கூட்டம் தள்ளும்.

உண்டியலில் போட விரும்புகிறவர்கள் போடலாம். அடுத்த வருடத்துக்கு ஒரு சிப்பம் அரிசி தருவதாக வேண்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தர நினைத்தால் கோயில்காரர்களிடம் பேசி, அவர்கள் சொல்கிற ரகத்தையே வாங்கித் தாருங்கள். புது அரிசியும் பழைய அரிசியும் ஒரே அண்டாவில் கலந்தால் தண்ணீர்க் கணக்குப் பிசகும். புதுசு குறைந்த தண்ணீரில் குழையும், பழசு கூடக் கேட்கும். எந்த மாஸ்டராலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

தை விழா தவறிப்போனவர்களுக்கு மாசி இரண்டாம் வெள்ளி இருக்கிறது. மாசி பிறப்பு பிப்ரவரி 13-ஐ ஒட்டி வருவதால் பிப்ரவரி 20-இல் தொடங்கும் வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் நெரிசல் அப்போது இருக்காது, ரயிலில் டிக்கெட்டும் கிடைக்கும். பகல் வெயில் மட்டும் தையை விடக் கூடுதல், பால்குடம் பார்க்க வருகிறவர்கள் குடையோடு வரலாம்.